கேழ்வரகு மாவில் ஒளித்த பெட்டி

அண்ணா,

இன்று காலை உன் வண்டியின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். வண்டியின் மூளை என்று நீ சொல்வாயே, அந்தக் கறுப்புப் பெட்டியின் பள்ளங்களில் கேழ்வரகு மாவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துணியால் துடைத்தும் போகவில்லை, ஊதியும் போகவில்லை. குனிந்தால் பெட்ரோல் வாசனையோடு சேர்ந்து மாவு வாசனையும் வருகிறது. செத்துப்போனவர்களை நினைத்தால் அழுகை வரும் என்கிறார்கள். அந்த வாசனை வந்ததும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன். நீ பதில் பேசமாட்டாய். உயிரோடு இருந்தபோதும் நீ யாருக்கும் நேராகப் பதில் பேசியவன் இல்லை.

வேங்கிக்கால் கூரியர் ஆபீசில் நீ வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த வண்டி வந்தது. ஊர் மாற்றலாகிப் போன ஒருவர் உனக்கு விற்றார். நம் அடி அண்ணாமலைக்கு அது வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. கார்புரேட்டர் கிடையாது, சோக் இழுக்க வேண்டாம், கிக்கரும் இல்லை. நைனா அதை ஒரு சுற்று சுற்றிவந்து, "ஒதைக்கறதுக்கு கட்டையே இல்லாம இன்னா வண்டிடா இது?" என்று கேட்டார். எல்லாம் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நீ சொன்னாய். மாடு வாங்கினால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிற நைனாவுக்கு, அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நீ காட்டவில்லை.

விற்றவர் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அவர் வெளியூர் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாராம். பெட்டி இல்லாமல் வண்டியை யாராலும் கிளப்ப முடியாது. அவர் அதைத் திருடனுக்காகச் சொன்னார். நீ அதை உன் நண்பர்களுக்காக வைத்துக்கொண்டாய்.

பௌர்ணமி வந்தால் நம் ஊர் எப்படி ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலப் பாதையில் தலைகள் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு சந்துபொந்து தெரிந்து பைக் ஓட்டுகிறவன்தான் ராஜா. ஊருக்கு வெளியே இறங்கித் தவிக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்து விட்டால் கை நிறையக் கிடைக்கும். அதனால் விடிந்ததும் உன் நண்பர்கள் வந்துவிடுவார்கள். "மச்சா, சாவி குடு, தோ வந்துட்றேன்." அந்தத் 'தோ' மறுநாள் வரைக்கும் போகும். வண்டி சேறும் காலி டாங்க்குமாகத் திரும்பி வரும். நீ அதைக் கழுவிக்கொண்டே பல்லைக் கடிப்பாய். ஆனால் அடுத்த மாதம் அவன் வந்து நின்றால் உன் கை தானாகச் சாவியை எடுக்கும்.

கொடுக்க முடியாது என்று சொல்ல உனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகப் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தாய்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பாய். நான் தையல் கடையிலிருந்து கொண்டுவந்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருப்பேன். "யாராவது வந்தா இருமு பாப்பா." வெற்றிலை பாக்குக்காரர் போனாலும் இருமினேன், ஆடு போனாலும் இருமினேன். முதுகுக்குப் பின்னால் சாவி திரும்புகிற சத்தம், சீட்டைத் தரையில் வைக்கிற சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. அப்புறம் 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் பால் கவரில் சுற்றிய ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போவாய். அது கேழ்வரகு மாவு டப்பாவுக்குள் போகும். ஏன் அந்த டப்பா என்று கேட்டேன். "முறுக்கு டப்பாவ தொறப்பானுங்க, கடலை டப்பாவ தொறப்பானுங்க. கேவுரு மாவ எவன் தொறப்பான்?" என்றாய்.

மறுநாள் நண்பன் வருவான். நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "கம்ப்யூட்டர் பூட்ச்சிடா" என்பாய். அவன் பட்டனை அழுத்திப் பார்ப்பான், உனக்காக வருத்தப்படுவான், உட்கார்ந்து முறுக்கு முழுவதையும் தின்றுவிட்டுப் போவான். அவன் தலை மறைந்ததும் நாம் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது, எனக்கும் காட்டு என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு பாப்பா? ஷாக் அடிக்கும்" என்றாய். ஷாக் எல்லாம் அடிக்காது. அதுவும் பொய்தான். காட்டமாட்டேன் என்று சொல்ல வராமல் ஷாக் அடிக்கும் என்றாய்.

இதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அதைப் பற்றி நான் உன்னிடம் ஒருநாளும் பேசவில்லை. ஒன்பதாவது முடிந்த லீவில் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டு வேலைக்கு ஆள் இல்லை, பொண்ணு படித்தது போதும் என்று நைனா சொன்னார். நான் பேசமாட்டேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்வதற்கே எனக்கு வியர்க்கும். அதனால் உன்னிடம் வந்தேன். நைனாவிடம் பேசுகிறேன் என்று தலையில் தட்டிச் சொன்னாய். மறுநாள் கேட்டேன், நைனா மூட் சரியில்லை என்றாய். அதற்கு மறுநாளும் அவருக்கு மூட் சரியில்லை. பள்ளிக்கூடம் திறந்து, கணக்கு டீச்சர் வீடு தேடி வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ வாசலில் நின்று, "அவளுக்கு உடம்பு சரியில்ல டீச்சர்" என்றாய். டீச்சர் நம்பினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நீ நண்பர்களிடம் வண்டி ரிப்பேர் என்று சொல்லும்போது எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். என்னையும் ரிப்பேர் என்று சொல்லித்தான் வீட்டில் நிறுத்திவைத்தாய். வண்டியையாவது பௌர்ணமி முடிந்ததும் சரி செய்தாய்.

உன் கடைசி நாள் பௌர்ணமி இல்லை. அதனால் பெட்டி அதன் இடத்தில்தான் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நீ பாயில் படுத்திருந்தாய். தனா வந்தான். உன் நண்பன்தான், ஆனால் இனி அவனை அண்ணன் என்று எழுதமாட்டேன். கீழ்பென்னாத்தூரில் யாருக்கோ கல்யாண வரவேற்பு, போய்விட்டு வரலாம், உன் வண்டியை எடு என்றான். அவன் நின்ற இடத்திலிருந்து எனக்குக் குடித்த வாடை வந்தது. உனக்கும் வந்திருக்கும். போகக்கூடாது என்று உனக்குத் தெரிந்தது, உன் முகத்தில் பார்த்தேன். என்ன சொன்னாய்? "வண்டி ரிப்பேர் மச்சா."

அவன் வழக்கம்போல வருத்தப்பட்டிருக்கலாம். வருத்தப்படவில்லை. "அதுக்கு இன்னா, என் வண்டில வா" என்றான்.

உனக்கு வேறு பொய் தயாராக இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தாய். உன் வண்டி வாசலில் நின்றது. ஒரு பட்டனை அழுத்தினால் கிளம்பியிருக்கும். ஓட்டுகிற இடத்தில் நீ உட்கார்ந்திருப்பாய். அதைவிட, வரவில்லை என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும். வேலை இருக்கிறது என்று கூட வேண்டாம். வரலடா, அவ்வளவுதான். அதற்கு என்ன செலவு அண்ணா?

சாலை ஓரத்துக் கல்லில் உன் தலை. வயல் சேற்றில் அவன். அவனுக்குத் தோள் எலும்பு. இதற்குமேல் இதை எழுதமாட்டேன்.

காரியம் முடிவதற்குள் அவன் அம்மா வந்து நைனாவின் காலைப் பிடித்தாள். கேஸ் வேண்டாம், என் பிள்ளை வாழ்க்கை போய்விடும் என்றாள். நைனா என்ன சொல்வார்? உன் நைனாதானே. "போனவன் போய்ட்டான், சரிம்மா" என்றார். குடித்துவிட்டு ஓட்டியதை யாரும் எங்கும் சொல்லவில்லை. மாடு குறுக்கே வந்தது என்று ஆகிவிட்டது. இல்லாத மாடு ஒன்று நம் வீட்டுக் கதையில் இன்னும் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறது.

தோள் கட்டைப் பிரித்ததும் தனா வந்தான். நைனா பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். நிஜமாகத்தான் அழுதான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். அழுது முடித்துவிட்டு, அவன் வண்டி நொறுங்கிப்போய்விட்டது என்றான். இது இங்கே சும்மாதானே நிற்கிறது, நண்பன் ஞாபகமாக நான் வைத்துக்கொள்கிறேன், வருகிற பௌர்ணமி காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். நைனா தலையாட்டினார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்குக் கதவுக்குப் பின்னால் ஒரு நிரந்தர இடம் இருக்கிறது.

உன்னைக் கொன்ற ஆள் உன் வண்டியில் கிரிவலப் பாதையைச் சுற்றப் போகிறான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான் அதை வாசலில் நின்று பார்க்க வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் வழிதான் தெரியும். பெட்டியைக் கழற்ற வேண்டும்.

ஆனால் அது எங்கே இருக்கிறது என்று நீ காட்டவே இல்லையே.

பௌர்ணமிக்கு முந்தின நாள் நைனா கிரிவலப் பாதையில் எலுமிச்சை ஜூஸ் கடைக்குப் பந்தல் போடப் போயிருந்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் இரும யாரும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் சத்தங்கள்தான். ஸ்க்ரூ டிரைவர் சத்தம் நான் கேட்டதே இல்லை. அப்படியென்றால் பக்கத்து மூடிகளுக்குள் இருக்க முடியாது, அவற்றில் எல்லாம் ஸ்க்ரூ இருக்கிறது. சீட்டைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டிருக்கிறேன். அப்படியென்றால் சீட்டுக்கு அடியில்.

சீட்டைத் தூக்கினேன். பேட்டரி தெரிந்தது. அதன் ஓரத்தில் ரப்பரில் தொங்கிக்கொண்டு கறுப்பாக ஒரு சின்ன டப்பி. மூளை என்றால் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்து அதைப் பிடுங்கினேன். சுலபமாக வந்துவிட்டது. சரிதானா என்று பார்க்க வேண்டுமே. சாவியைத் திருப்பிப் பட்டனை அழுத்தினேன்.

இரண்டு முறை முனகியது. மூன்றாவதில் கிளம்பிவிட்டது.

நீ போன பிறகு அந்தச் சத்தம் நம் வாசலில் கேட்டது அதுதான் முதல் தடவை. அணைக்கத் தோன்றவில்லை. அதற்குள் அம்மா வந்துவிட்டாள். பிடித்துக்கொண்ட இடுப்போடு, சுவரைக்கூடப் பிடிக்காமல், கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். வாசல்படி வரைக்கும் அவள் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன் அண்ணா. நீ சாப்பாட்டுக்கு வந்துவிட்டாய் என்று இருந்த முகம். அப்புறம் என்னைப் பார்த்தாள். கரண்டியிலிருந்து குழம்பு அவள் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி உள்ளே போனாள்.

அந்த ஒரு நொடிக்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. எல்லாவற்றையும் மன்னித்தாலும் அதை மன்னிக்கமாட்டேன்.

வண்டியை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நான் பிடுங்கிய டப்பி இண்டிகேட்டருக்கானது. அதற்கு இரண்டே ஒயர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி முழுவதையும் பார்த்துக்கொள்கிற ஒன்றுக்கு இரண்டு ஒயர் எப்படிப் போதும்? ஒயர்கள் எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். விரலை வைத்துக்கொண்டே போனேன். மெல்லிசு மெல்லிசாக ஒயர்கள் ஒன்று சேர்ந்து, பின்னிய சடை போலப் பின்பக்கம் போயின. ஸ்பானர் பையை எடுத்ததும், அதன் அடியில் ரப்பர் உறைக்குள் படுத்திருந்தது. உள்ளங்கை அளவு. அதன் வாயில் அகலமான ஒரு பிளக், அத்தனை ஒயர்களும் அதற்குள்.

இழுத்தேன், வரவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்திருந்தால் பிய்ந்து வந்திருக்கும். தடவிப் பார்த்ததில் பிளக்கின் மேல் ஒரு சின்ன நாக்கு இருந்தது. அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். அழுத்துவதற்கு முன்னால் உன் அந்த மௌனம் ஞாபகம் வந்தது. சீட்டைத் தரையில் வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பாயே. சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். மின்சாரம் முழுவதும் அடங்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாய். நானும் உட்கார்ந்தேன். பிறகு கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். 'டக்'. நகத்தில் பள்ளம் விழுந்தது. உன் நகத்திலும் அதே பள்ளம் இருக்கும்.

பிளக்கின் வாயைப் பால் கவரால் கட்டினேன். பெட்டியை இன்னொரு கவரில் சுற்றி மாவுக்குள் புதைத்தேன். கவர் ஓட்டையாக இருந்ததைக் கவனிக்கவில்லை.

மறுநாள் தனா வந்தான். பட்டனை அழுத்தினான், சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினான். நைனா பக்கத்தில் நின்று, ஏதோ தான் ஏமாற்றிவிட்டதைப் போல நெளிந்தார். முக்கு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். அவர் தூரத்திலிருந்தே கும்பிட்டார். "கம்ப்யூட்டர் வண்டிப்பா, நான் கைய வெக்கமாட்டேன்." எனக்குக் கதவுக்குப் பின்னால் சிரிப்பு வந்தது. நீ இருந்திருந்தால் நாம் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டிருப்போம்.

தனா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தான். அப்புறம், "அதுக்கு இன்னா நைனா, மினிவேன்ல ஏத்திக்கினு போறேன். வேங்கிக்கால்ல தெரிஞ்ச பையன் கீறான், ரெடி பண்ணிட்டு நானே வெச்சிக்கிறேன்" என்றான். நைனா, "எடுத்துக்கினு போப்பா" என்றார்.

'அதுக்கு இன்னா.' அதே வாசலில், அதே வாய், அதே சொல். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. ரிப்பேர் என்று சொன்னால் எதிரில் இருப்பவனுக்கு எப்போதும் ஓர் 'அதுக்கு இன்னா' இருக்கும். இதைத்தானே அன்றைக்குப் பார்த்தேன். பார்த்தும் அதையே செய்து வைத்திருக்கிறேன்.

சமையலறைக்குப் போய் மாவுக்குள் கையை விட்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முழங்கை வரைக்கும் மாவு. தெருவில் கிரிவலம் போகிறவர்கள் வேறு நின்று பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறந்ததில்லை.

"வண்டி ரிப்பேர் இல்ல. நான்தான் இத கழட்டி வெச்சிருந்தேன்."

தனா சிரித்தான். "அட, குடு பாப்பா. இதத்தான தேடினு இருக்கோம்."

"தரமாட்டேன்."

"இன்னா பாப்பா, வெளையாடறியா?"

"நீ குடிச்சிட்டு ஓட்டின. மாடு வரல. எங்கண்ணன் வண்டிய உனக்குத் தரமாட்டேன்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. தனா நைனாவைப் பார்த்தான். நைனா தரையைப் பார்த்தார். அவர் மறுபடி 'சரிப்பா' என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லவில்லை. தனா செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான்.

அவன் போன பிறகு நைனா, "ஊடு தேடி வந்தவன இப்படி அனுப்பிட்டியே" என்று என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. அம்மா வந்து என் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பெட்டியைப் பார்த்து, "இது கட்டியா கைல பட்டுக்கினே இருக்கும், கூழு மாவு எடுக்கும்போது" என்றாள். நீ இருந்தபோதே தெரியுமா என்று கேட்டேன். "என் டப்பால இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியுமாம். நம் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

போன வாரம் தேரடி வீதியில் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன், கூப்பிட்டுவிட்டார். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். இத்தனை வருடம் கழித்து, நீ சொன்னதை நம்பிக்கொண்டு.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். எப்பவும் இல்ல" என்றேன்.

அவர் முகம் மாறியது. ஏதோ கேட்க வந்தார். நான் அழுதுவிடுவேன் என்று பயந்து வந்துவிட்டேன். இன்னொரு நாள் போய் மீதியைச் சொல்ல வேண்டும்.

இன்று பௌர்ணமி. விடிந்ததும் எதிர்வீட்டு அண்ணன் வண்டி கேட்டு வந்தார். நல்ல மனிதர், உனக்கும் அவரைப் பிடிக்கும். பெட்டி அதன் இடத்தில் இருந்தது, கழற்றவில்லை. "இல்லண்ணா, யாருக்கும் தர்றதில்ல" என்றேன். எனக்கு வியர்த்தது, 'உள்ளேன்' சொல்வதற்கு வியர்க்குமே அப்படி. அவர், சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் அண்ணா. வானம் இடிந்து விழவில்லை. இவ்வளவுதான் என்று உனக்கு யாராவது காட்டியிருக்கக் கூடாதா?

அவர் போன பிறகுதான் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், மாவைத் துடைத்தேன், பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்தினேன். பேட்டரி இறங்காமல் இருக்க அவ்வப்போது கிளப்பி வைக்கிறேன். இன்றும் பட்டனை அழுத்தினேன். முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது.

அம்மா இப்போதெல்லாம் வாசலுக்கு ஓடிவருவதில்லை. உள்ளே இருந்தபடியே, "போதும் அணைடி, பெட்ரோல் வீணாவுது" என்றாள்.

அணைக்கமாட்டேன் என்றேன்.